அவுகளும் அவனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்குச் சொந்த ஊர் கண்டனூர். இப்போது சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேரனுக்கு இரண்டு வயது. எங்கள் வழக்கப்படி அம்மாவைப் பெற்றவளை ஆயா என்றுதான் கூப்பிட வேண்டும். மகள் வேண்டாம் என்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஆயா என்றால் வேறு ஆளாம், 'பாட்டி' போதுமாம். மனசு கேட்கவில்லை. மொழிதான் சிந்தனையை உருவாக்குகிறது, எஸ்கிமோக்களுக்குப் பனிக்கு நூறு சொல் உண்டு என்றெல்லாம் படித்திருக்கிறேன். நம் பக்கத்துப் பேச்சு போனால் பண்பாடும் போய்விடும் அல்லவா? செட்டிநாட்டில் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேச மாட்டோம். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. அதில் வளரும் பிள்ளைக்கு மரியாதை எப்படி வரும்? நானும் என் நாத்தனாரும் பழைய சொற்களைப் பட்டியல் போட்டிருக்கிறோம். இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

*

அன்புள்ள ஆச்சிக்கு,

நான் நகரத்தார் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் பிறந்தவன் உங்களை வேறு எப்படிக் கூப்பிடுவான்? அப்பா பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டில் கணக்கெழுதினார். கொஞ்ச நாளாக இந்த மரியாதை விஷயத்தைத்தான் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் சோம்பேறித்தனத்தில் பதில் எழுதாமலே விட்டிருப்பேன்.

எஸ்கிமோவை முதலில் அனுப்பிவிடுவோம். 1911இல் பிரான்ஸ் போவாஸ் என்ற மானிடவியலாளர் பனிக்கு நான்கு சொற்களை எடுத்துக்காட்டினார். அது கைமாறிக் கைமாறி நூறாகிவிட்டது. உங்கள் ஊர் வட்டிகூட அவ்வளவு வேகமாக ஏறியதில்லை.

ஆங்கிலத்தில் மரியாதை இல்லை என்பதும் சரியில்லை. அவர்களிடமும் ஒரு காலத்தில் இரண்டு இருந்தன. 'தௌ' என்றால் நீ. 'யூ' முதலில் பன்மை, பிறகு பெரியவர்களுக்கு மரியாதை. 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், கடவுளுக்கு முன்னால் எல்லாரும் ஒன்று என்று நீதிபதியைக்கூட 'தௌ' என்று கூப்பிட்டு வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் பேச்சில் 'தௌ' மெல்ல வழக்கொழிந்தது. ஆக, அவர்கள் தொலைத்தது 'நீ'யை. கையில் மிச்சமிருப்பது 'நீங்கள்'. தெருக்கூட்டுகிறவருக்கும் பிரதமருக்கும் அதுதான். உடனே அவர்களை உத்தமர்கள் ஆக்கிவிடாதீர்கள். 'யூ' என்று சொல்லிக்கொண்டேதான் நம்மை ஆண்டார்கள்.

'யாரையும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. யாரையும் என்றால் யாரை ஆச்சி?

அப்பச்சி வந்தாக, ஆத்தா சொன்னாக. கேட்கக் கேட்கக் காது குளிரும் பேச்சுதான். இன்றைக்கும் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் யாராவது 'எப்ப வந்தீக' என்று விசாரித்தால் என் காரியத்தை விட்டுவிட்டு நின்று கேட்பேன். ஆனால் நான் வளர்ந்த அதே வீட்டின் பின்கட்டில் தண்ணீர் இறைத்தவருக்கு என் தாத்தா வயது. வீட்டுப் பையனுக்கு என் வயது. பையன் 'டேய், இங்க வா' என்பான். 'இந்தா வந்துட்டேங்கய்யா' என்று அவர் ஓடி வருவார். சமையற்கட்டில் 'சின்னவுக பசியாறிட்டாகளா?' என்று ஒரு கேள்வி. அடுத்த கேள்வி, 'அவன் வந்தானா, வாளியைக் கழுவினானா?' நடுவில் என் அப்பா. அவருக்கு 'வாரும் கணக்குப்பிள்ளை, உட்காரும்'. ஒரே முற்றத்தில் ஒரே நேரத்தில் மூன்றும் ஓடும். யாருக்கு எதைப் போடுவது என்று சிறுசுகளுக்குக்கூடப் பிசகாது. விகுதி என்று ஒன்று இருப்பதைப் பள்ளி வாத்தியார் சொல்லித்தந்தது அதற்கெல்லாம் பிறகு.

இப்போது உங்கள் மகளைப் பாருங்கள். மொழியை மறந்துவிட்டாள் என்று வருத்தப்படுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, நன்றாகவே கற்றிருக்கிறார். பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடும் ஒரு பெண்ணைக் கூப்பிடும் விதமாகத் தன் அம்மாவைக் கூப்பிட்டுவிடக் கூடாது என்று பயப்படுகிறார். அந்தப் பயத்தை இங்கிலீஷ் கொடுக்கவில்லை. 'அவுக'வையும் 'அவனை'யும் பிரித்துவைத்த வீடு கொடுத்தது. கோபம் வந்தால் வரட்டும். நீங்களாவது அந்தப் பள்ளிக்கூட ஆயாவை என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்?

ஆனால் அப்பா கணக்கெழுதிய அந்தப் பள்ளத்தூர் வீட்டு ஆச்சியை நினைத்தால் என் கோபமும் நிற்பதில்லை. அந்த இலக்கணத்தில் மேலே இருந்தவராலும் லேசில் பேசிவிட முடியாது. உங்களுக்குத் தெரியாததா, மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற ஐயாவின் பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பாக்கியம் அவருக்கு இல்லை. கடைசிவரை 'தம்பி'தான்.

அந்தத் தம்பி பினாங்கில் இருந்தார். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போனவர்களில் கடைசித் தலைமுறை. பர்மாவில் அந்தக் குடும்பத்துக்கு இருந்ததில் 1942இல் ஜப்பான் படை வந்தபோது பாதியும், 1960களில் அங்கே நாட்டுடைமை ஆக்கியபோது மீதியும் போய், மிஞ்சியது மலாயாக் கடை ஒன்றுதான். ஆச்சிக்கு எழுத வராது. தூணில் சாய்ந்துகொண்டு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். உடம்பைக் கேட்பது, ஊர்க்காரியம், வராத வட்டிக்கு ஒரு குத்தல் எல்லாம் மளமளவென்று வரும். உறையை ஒட்டியதும் வாய் மூடிக்கொள்ளும். பெயரும் சொல்ல முடியாது. பெயருக்கு முன்னால் இருக்கும் விலாச எழுத்துகள் மாமனாரும் கணவருமாக அதைவிட மோசம். பெட்டகத்திலிருந்து பழைய உறை ஒன்றை எடுத்து நீட்டுவார், 'இதுல உள்ளது மாதிரியே எழுதிக்கப்பா.'

ஒருநாள் பழைய உறை அகப்படவில்லை. எனக்கு எல்லாம் மனப்பாடம்தான், குறும்புக்குக் கேட்டேன், 'பேரு என்ன ஆச்சி?' சுவரில் மாட்டியிருந்த மாமனார் படத்தைக் கையால் காட்டினார். 'அவுகளுதுதான்.' 'முன்னால என்ன எழுத்து?' விரல் பக்கத்துப் படத்துக்கு நகர்ந்தது. 'இவுக.' அந்த உறையில் இருந்ததில் அவர் வாய்விட்டுச் சொன்னது பினாங்கு ஒன்றைத்தான். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு ஒரு மாவுருண்டையும் ஒரு குட்டும் கிடைத்தன.

உங்கள் பட்டியலைப் பார்த்தேன். மரவை, மங்கு, கொட்டான், தடுக்கு, கந்தரப்பம், கும்மாயம். நன்றாக இருக்கிறது, எழுத்துப்பிழையும் அதிகமில்லை. ஆனால் எல்லாம் சாமானும் பலகாரமும். இவற்றுக்கு ஒன்றும் ஆகாது ஆச்சி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் மரவையும் மங்கும் கிடக்கின்றன, வாங்குகிறவன் இருக்கும்வரை பெயரும் இருக்கும். கும்மாயத்தை ஓட்டல்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள், எப்படி ஏவினார்கள், எப்படித் திட்டினார்கள் என்று ஒரு வரிகூட இல்லையே? அதை எழுதுங்கள். வெட்கமாக இருந்தால் நாத்தனாரை எழுதச் சொல்லுங்கள்.

பின்கட்டில் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் அரைகுறை. உங்கள் வீட்டில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் கண்டனூரில் இருப்பார்கள். அடுத்த தடவை முன்னோர்களைக் கும்பிடும் படைப்புக்குப் போகும்போது ஒரு நாள் கூடுதலாகத் தங்கி அவர்களைப் பாருங்கள். உங்கள் வீட்டு ஆட்களை அவர்கள் தங்களுக்குள் என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். முதல் தடவை சொல்ல மாட்டார்கள், 'அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க ஆச்சி' என்பார்கள். ரெண்டு மூணு தடவை போனால் சொல்வார்கள். கிடைத்ததைத் தட்டச்சுகூடச் செய்ய வேண்டாம், கையால் எழுதி அனுப்பினால் போதும்.

பேரனுக்கு என் அன்பு.