மேடைக்குக் கீழே நிற்பவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

ஜூலை பிறக்கப் போகிறது. மேடைப் பேச்சும் தலைமைத்துவமும் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகங்களில் ஜூலை 1 இல்தான் புதிய நிர்வாகம் பொறுப்பெடுக்கும். அதனாலோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி அதைப் பற்றியே. திருகோணமலையில் பேச்சு வகுப்பு, கழகம், பயிற்சி என்று இத்தனை வருடம் ஓடியவளுக்கு இது மனதுக்கு மிக நெருக்கமான விடயம். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

டீச்சர், எங்கள் கழகத்தின் கல்விக்கான உபதலைவராக என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். பயிற்சி என்று சூமில் மூன்று மணித்தியாலம் இருந்தேன். ஸ்லைட் ஸ்லைட்டாகக் கடமைகளை வாசித்தார்கள். முடிந்து போனை வைத்தபோது ஒன்றும் மனதில் நிற்கவில்லை. என்னோடு தெரிவான மற்ற ஆறு பேருக்கும் இதே நிலைதான். எங்களுக்குள் நாங்களே ஒரு பயிற்சி வைக்கலாமா? எப்படி வைப்பது?
– வாசகர், உப்புவெளி

வையுங்கள் தம்பி, கட்டாயம் வையுங்கள். அதற்காக அந்தச் சூம் பயிற்சியை விட்டுவிடவும் வேண்டாம். வருடத்தில் இரண்டு தடவை அது நடக்கும். ஒவ்வொரு தடவையும் ஏழு பேரில் நாலு பேராவது போனால்தான் தலைமையகம் வருடாவருடம் கழகத்துக்கு வைக்கும் பத்து இலக்குகளில் ஒன்று உங்கள் கணக்கில் சேரும். ஆனால் இலக்குச் சேர்வதும் வேலை பழகுவதும் வேறு வேறு. வேலை பழக உங்கள் மண்டபம்தான் சரியான இடம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தெரிவு நடக்கும்போது நாங்கள் எல்லோரும் ஒரே பிழையைத்தான் செய்கிறோம். யார் நன்றாகப் பேசுகிறாரோ அவரைப் பிடித்துப் பொறுப்பில் இருத்துகிறோம். பொறுப்பாளருக்கு மேடையில் இருக்கும் வேலை கொஞ்சம். கீழே யார் வந்திருக்கிறார், யார் வரவில்லை, யார் மூன்று மாதமாக வாயே திறக்கவில்லை என்று பார்ப்பதுதான் முக்கால்வாசி வேலை. தமிழ்மொழித் தினப் போட்டிகளில் மாகாணம் வரை போய் வென்ற பிள்ளைகள் கழகத்துக்குத் தலைவராகி, ஒரு வருடத்தில் பாதி அங்கத்தவரைத் தொலைத்ததை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்குப் பேச்சில் குறையே இல்லை. கதிரைகளைப் பார்க்கத்தான் யாரும் பழக்கிவிடவில்லை.

ஏழு பொறுப்புகளையும் அந்தக் கண்ணால் பாருங்கள். யார் எப்போது பேசுவது என்று அடுக்குவது நீங்கள். புதிதாக வருபவரைக் கைபிடித்து உள்ளே கூட்டிவருவது அங்கத்துவத்துக்கான உபதலைவர். வெளியே ஊருக்குச் சொல்வது மக்கள் தொடர்புக்கான உபதலைவர். கூட்ட அறிக்கை செயலாளரிடம், காசு பொருளாளரிடம். மண்டபம், கதிரை, மணி, கதவு எல்லாம் சார்ஜண்ட் அட் ஆர்ம்ஸ். இந்த ஆறு பேருக்கும் வேலை ஓடுகிறதா என்று பார்ப்பவர் தலைவர். இதைப் படிக்க மூன்று மணித்தியாலம் வேண்டாம், ஒரு பிளேன்ரீ குடிக்கும் நேரம் போதும். மிச்ச நேரத்தைப் பழகுவதற்கு வையுங்கள்.

நான் செய்வது இதுதான். கொப்பித் தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சங்கடத்தை எழுதுவேன். ‘பின்னேரம் 4 மணி. இரண்டாவது பேச்சாளர் கோல் எடுக்கிறார், மகளுக்குக் காய்ச்சலாம், வரமாட்டார்.’ ‘பேச்சு நடுவில் கரண்ட் போய்விட்டது. நேரம் பார்ப்பவரின் போனில் சார்ஜ் இல்லை.’ ‘புதியவர் ஒருவர் கதவடியில் நிற்கிறார். உள்ளே எல்லோரும் குழுவாக நின்று படம் எடுக்கிறார்கள்.’ ‘சிறப்பு விருந்தினர் இருபது நிமிடமாகப் பேசுகிறார், இன்னும் நிறுத்தவில்லை.’ ஆளுக்கொரு துண்டு. ‘என்ன செய்வீர்கள்’ என்று கேட்டால் எல்லோரும் சரியான விடை சொல்வார்கள். ஆகவே கேட்காதீர்கள், செய்ய விடுங்கள்.

போன தடவை உவர்மலையில் ஒரு வீட்டு விறாந்தையில் இந்தப் பயிற்சியை வைத்தோம். காய்ச்சல் துண்டு ஒரு தம்பிக்கு வந்தது. அடுத்த அறையில் இருந்த அண்ணருக்கு உண்மையாகவே கோல் எடுக்கச் சொன்னேன். எடுத்தார். “அண்ணை, இண்டைக்கு ஒராள் வரேல்லை, நீங்கள் ஏதும் பேசுவியளோ?” என்றார். மறுபக்கத்தில் அண்ணர், “ஐயோ தம்பி, நான் ஆயத்தமில்லையே” என்று வைத்துவிட்டார். இரண்டாம் தடவை எடுக்கச் சொன்னேன். இம்முறை, “அண்ணை, மாசியில நீங்கள் கப்பல்துறை வேலையைப் பற்றிப் பேசினீங்களே, அண்டைக்கு வராத ஆறு பேர் இண்டைக்கு வருகினம். அதையே திரும்பச் செய்யேலுமோ? ஏழு நிமிசம்தான்” என்றார். அண்ணர் சிரித்துக்கொண்டே ஓம் என்றார். ‘ஏதும் பேசுவியளோ’ என்று கேட்டால் யாரும் ஓம் சொல்ல மாட்டார்கள். எந்தப் பேச்சு, யாருக்காக, எவ்வளவு நேரம் என்று மூன்றையும் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அந்தத் தம்பி இதை ஸ்லைட்டில் வாசித்திருந்தால் அன்றிரவே மறந்திருப்பார்.

கரண்ட் துண்டுக்கு விடை மூன்று அட்டைகள். பச்சை, மஞ்சள், சிவப்பு. ஐந்து முதல் ஏழு நிமிடப் பேச்சுக்கு நேரம் பார்ப்பவர் ஐந்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு காட்டுவார். விளக்கு இருந்தாலும் அட்டைகள் சார்ஜண்டின் பையில் எப்போதும் இருக்கட்டும், ஒரு கைமணிக்கூட்டோடு.

பயிற்சிக்குப் பிறகு, பழையவரும் புதியவருமாக ஒவ்வொரு சோடியும் ஒரு மணித்தியாலம் தனியே இருந்து கதைக்க வேண்டும். உங்களுக்கு முன்பிருந்தவரிடம் ஒரு கொப்பி கேளுங்கள்: ஒவ்வோர் அங்கத்தவரும் கடைசியாக எப்போது பேசினார் என்ற திகதியோடு. அப்படி ஒன்று அவரிடம் இல்லையென்றால் கூட்ட அறிக்கைகளை எடுத்து இருவருமாக இருந்து எழுதுங்கள். ஜூலை மாதத்துக்கு உங்களுக்கு அதைவிடப் பெரிய வேலை இல்லை.

நான் முதன்முதல் எடுத்த பொறுப்பு சார்ஜண்ட் அட் ஆர்ம்ஸ். ஒருநாள் மண்டபத் திறப்பு வாங்கி வரப் பிந்திவிட்டேன். வந்து பார்த்தபோது அங்கத்தவர்கள் வெளியே மரத்தடியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். முதன்முறை வந்திருந்த ஒரு பெண் மட்டும் படியில் தனியே இருந்திருக்கிறார், பிறகு எழும்பிப் போய்விட்டாராம். நான் சைக்கிளை விட்டிறங்கும்போது வீதி முனையில் அவருடைய பச்சைக் குடை தெரிந்தது. அவர் திரும்பி வரவேயில்லை. அதற்குப் பிறகு அரை மணித்தியாலத்துக்கு முன் மண்டபம் திறக்காமல் நான் எந்தக் கூட்டமும் நடத்தியதில்லை.

அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். தமிழில் நடக்கும் ஒரு புதிய பேச்சுக் கழகத்தில் என்னைத் தலைவராக வரச் சொல்லிக் கேட்கிறார்கள். வீட்டில் மறுப்பில்லை. எனக்குத்தான் பயம். பெண் தலைவர் சொன்னால் ஆண்கள் கேட்பார்களா? இங்கிலீஷும் எனக்குத் தடுமாறும்.
– வாசகி, கிண்ணியா

வ அலைக்கும் ஸலாம் மகள். எடுங்கள்.

உங்களுக்கு ஒரு உண்மைக் கதை சொல்கிறேன். 1970 இல் அமெரிக்காவில் ஹெலன் பிளான்சார்ட் என்ற பெண் டோஸ்ட்மாஸ்டர்ஸில் சேர விரும்பினார். அப்போது அது ஆண்களுக்கு மட்டுமான அமைப்பு. ஆகவே ‘ஹோமர்’ என்று ஆண் பெயரில் அவரைப் பதிந்தார்கள். பெண்கள் முறைப்படி சேரலாம் என்று வந்தது 1973 இல். 1985 இல் அதே ஹெலன், முழு அமைப்புக்கும் முதல் பெண் சர்வதேசத் தலைவரானார். உங்களைச் சொந்தப் பெயரிலேயே கூப்பிடுகிறார்கள். போய் இருங்கள்.

ஆண்கள் கேட்பார்களா என்பதற்கு என் அனுபவம் இது. கூட்டத்தைச் சொன்ன நேரத்துக்குத் தொடங்கிச் சொன்ன நேரத்துக்கு முடிப்பவர் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். முதல் மூன்று கூட்டத்தில் அதை மட்டும் பிடியுங்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறப்பதற்கு முன் படகுப் பாதைக்குக் காத்திருந்த காலத்தில் பின்னேரக் கூட்டம் என்று நினைக்கவே ஏலாது. இப்போது பட்டணத்திலிருந்தும் உங்களிடம் ஆட்கள் வரலாம். ஆனால் அவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மாலைத் தொழுகையான மஃரிப்பின் நேரமும் மாதத்துக்கு மாதம் முன்பின்னாக நகரும். நிகழ்ச்சி நிரல் எழுதும்போது முதலில் தொழுகை நேரத்தைக் குறியுங்கள், தேநீர் இடைவேளையை அதோடு சேருங்கள், பிறகு பேச்சுகளை அடுக்குங்கள். நேரம் போட்டுவிட்டுத் தொழுகைக்கு இடம் தேடினால் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் மனம் நோக எழும்பிப் போவார்.

இங்கிலீஷ் பற்றி: உலகத்தில் எத்தனையோ மொழிகளில் கழகங்கள் நடக்கின்றன, தமிழில் நடத்துவதில் தயக்கமே வேண்டாம். தலைமையகத்துக்கு அனுப்பும் படிவங்களுக்கு இங்கிலீஷ் தெரிந்த ஒருவரைச் செயலாளராகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் நல்ல கிண்ணியாத் தமிழ் கதையுங்கள். பேசுபவர்களின் தடுமாற்றச் சொற்களை எண்ணுபவருக்கு மட்டும் தனியாக ஒரு பயிற்சி கொடுக்க வேண்டும். இங்கிலீஷ் கழகத்தில் அவர் ‘ஆ’, ‘உம்’ எண்ணுவார். எங்கள் ஆட்கள் ‘ஆ’ சொல்வது குறைவு. ‘வந்து’, ‘அதாவது’, ‘இப்ப பாத்தீங்கெண்டா’, ‘என்ன சொல்றது’, இவைதான் எங்கள் நோய். முதல் கூட்டத்திலேயே அவர் கையில் இந்தப் பட்டியலைக் கொடுங்கள்.

பொருளாளராக இருக்கிறேன். என் நெருங்கிய நண்பர் ஒருவர் சந்தா கட்டாமல் இழுக்கிறார். கேட்டால் நட்பு முறியும் போல இருக்கிறது.
– வாசகர், நிலாவெளி

பிந்திய பிறகு கேட்பதுதான் கடினம். சந்தா புதுப்பிக்கும் நாள் ஏப்ரல் 1, ஒக்டோபர் 1. ஒரு மாதம் முன்பே எல்லோருக்கும் ஒரே வட்ஸ்அப் செய்தி போடுங்கள். தொகை டொலரில் வருவதால், இன்றைய விலைக்கு ரூபாயில் எவ்வளவு என்று தெளிவாக எழுதுங்கள். ‘கூடிப்போச்சு’ என்ற சலிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நண்பரிடம் குழுவில் கேட்கவே வேண்டாம். நேரில் போய், இரண்டு தவணையாகக் கட்ட வசதியா என்று கேளுங்கள். கை நெருக்கம் என்றால் அவரே சொல்வார். சொன்னால் அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். யார் நூறு ரூபாய் தந்தாலும் பற்றுச்சீட்டு எழுதுங்கள், நண்பருக்கும்.

அம்மா, எனக்கு எழுபது வயதாகிறது. கோயில் மேடையிலும் சனசமூக நிலையத்திலும் ஐம்பது வருடம் பேசினவன். என் பேரன் கழகத்தில் பேசியதற்கு, பதவியில் இருக்கும் ஒரு பொடியன் எல்லோர் முன்னாலும் எழும்பிக் குறை சொன்னானாம். பேரன் இரண்டு கிழமையாகப் போகவில்லை. எங்கள் மேடைகளில் சபை நடுவே குறை சொல்கிற வழக்கம் இல்லையே?
– வாசகர், தம்பலகாமம்

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. அந்தத் தம்பிக்கு மதிப்பீடு செய்யப் பழக்காமலே அவரை எழுப்பிவிட்டிருக்கிறார்கள். பிழை அவரை அனுப்பியவர்களிடம் இருக்கிறது.

1924 ஒக்டோபர் 22 இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரத்தில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் ரால்ஃப் ஸ்மெட்லி இளைஞர்களைக் கூட்டி டோஸ்ட்மாஸ்டர்ஸைத் தொடங்கினார். ஒருவர் பேச, கேட்டவர்கள் அதைப் பற்றிச் சொல்ல, அப்படியே எல்லோரும் வளர்வதுதான் முறை. மதிப்பீடு இல்லாவிட்டால் கழகத்துக்கும் கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் மதிப்பீட்டுக்கு இருப்பது இரண்டு மூன்று நிமிடம். அதற்குள் பத்துக் குறையை அடுக்குபவர் உதவி செய்யவில்லை.

நான் பொறுப்பாளர்களைப் பழக்கும்போது ஒரு கட்டுப்பாடு வைப்பேன். ஒரு பேச்சுக்கு ஒரே ஒரு திருத்தம், அதுவும் அடுத்த பேச்சில் செய்யக்கூடியதாக. ‘உங்கள் குரல் சரியில்லை’ என்றால் பிள்ளை என்ன செய்வான்? ‘தாத்தாவின் வயலைப் பற்றிச் சொன்ன இடத்தில் நான் உங்களோடு வரம்பில் நின்றேன். அதற்கடுத்த வசனத்தை நிலத்தைப் பார்த்துச் சொன்னீர்கள், எனக்குக் கேட்கவில்லை. அடுத்த முறை அந்த இடத்தில் கடைசிக் கதிரையில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்றால் அவனுக்கு வழி தெரியும். குனிந்து பேசுகிறான் என்ற அதே குறைதான். ஆனால் முன்னதில் ஒரு தீர்ப்புத்தான் இருக்கிறது.

பேரனை அந்தக் கழகத்தின் கல்விக்கான உபதலைவரிடம் கதைக்கச் சொல்லுங்கள். நடந்தது அவர் காதுக்கு எட்டியே ஆக வேண்டும், எட்டினால்தான் அந்தத் தம்பியையும் இருத்திப் பழக்குவார். அடுத்த கூட்டத்துக்கு நீங்களும் பேரனோடு வாருங்கள், ஐயா. விருந்தினர் யாரும் வரலாம், காசு இல்லை. முன் வரிசையில் இருத்தப் பார்ப்பார்கள், போகாதீர்கள். கடைசிக் கதிரையில் இருங்கள். உங்கள் பேரனுக்குப் பார்த்துப் பேச அங்கே ஒரு முகம் வேண்டும்.