கணக்கில் ஒரு டிக்கெட்தான் இருக்கிறது

அன்புள்ள ஆலோசகருக்கு,

வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. உதவி பெறும் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். கணவருக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. மகளுக்குக் கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள்.

எனக்கு நெடுநாளாக ஒரே ஆசை, அலாஸ்கா கப்பல் பயணம். ஒன்பதாம் வகுப்புக்குப் பனியாறு பாடம் நடத்தும்போதெல்லாம் சர்க்கு, யு வடிவப் பள்ளத்தாக்கு, மொரைன் என்று கரும்பலகையில் வரைந்தே காலம் போய்விட்டது. ஒரு பனியாற்றை நேரில் பார்க்க வேண்டும். கனடாவின் வான்கூவரில் ஏறினால் ஏழு இரவு. ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் துறைமுகங்கள். ஒரு நாள் முழுக்க கிளேசியர் பே, பனியாறுகள் வந்து இறங்கும் வளைகுடா, அது ஒரு தேசியப் பூங்கா. அங்கே ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. 1794இல் வான்கூவர் என்ற கடலோடியின் ஆட்கள் போனபோது அந்த வளைகுடாவே அநேகமாக இல்லை, எல்லாம் பனிச்சுவர். இப்போது பனி 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போய்விட்டது. அது இன்னும் கரைவதற்குள் பார்க்க நினைப்பது தவறா?

செலவையும் எழுதிப் பார்த்துவிட்டேன். விமானம் 1,35,000. கப்பல் 80,000. துறைமுக வரி, கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ் 30,000. கனடா, அமெரிக்கா இரண்டு விசா, காப்பீடு 45,000. வான்கூவரில் ஹோட்டல் 25,000. கரையில் சுற்றிப்பார்க்க 35,000. ஆக மூன்றரை லட்சம். என் பணிக்கொடையில் இருக்கிறது. யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

இவர் என்ன சொல்கிறார் தெரியுமா? "பனிதானே? டிசம்பர்ல விடியக்காலம் எந்திரிச்சுத் தோட்டத்தைப் பாரு." ஸ்காக்வேயில் மலை ரயில் இருக்கிறது என்றேன். "குன்னூர்ல இல்லாத ரயிலா?" என்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருடைய தங்கை கல்யாணத்துக்கு என் சம்பளம். பம்ப்செட் வாங்க என் சம்பளம். மகள் படிப்புக்கு என் பி.எஃப். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எனக்கென்று ஒன்று கேட்கும்போது மட்டும் கணக்குப் பார்க்கிறார்.

பதிலுக்கு அவர் கண்டுபிடித்திருப்பது லட்சத்தீவு. கொச்சியிலிருந்து 'சமுத்திரம்' என்று ஐந்து நாள் பயணம். கவரத்தி, கல்பேனி, மினிக்காய். பகலில் தீவு, ராத்திரி கப்பலில் படுக்கை. இருவருக்கும் எல்லாம் சேர்த்துத் தொண்ணூறாயிரத்துக்குள் முடிந்துவிடுமாம். அதிலும் கோல்ட் கிளாஸ், ஒரு அறையில் நாலு படுக்கை, மற்ற இரண்டில் யாரோ. கப்பல் தீவை ஒட்டி வராது, பவளத் திட்டுக்கு வெளியே நின்றுவிடும். நடுக்கடலில் சின்னப் படகில் இறங்க வேண்டும். என் முழங்காலைப் பற்றி அவருக்கு நினைப்பே இல்லை. அதுவும் ஜனவரியில்தான் போக முடியுமாம், அப்போதும் தோட்டத்து வசதிதான் அவருக்கு முக்கியம். "நீதான பவளத்தீவுன்னு பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுன, அதையே நேர்ல பாக்கலாம்" என்று என் வாயை அடைக்கிறார்.

ஒரு நாள் பேச்சு முற்றி, "வேணும்னா நீ மட்டும் போயிட்டு வா, நான் இலை பாத்துக்கறேன்" என்று எழுந்து போய்விட்டார். கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அன்று ராத்திரி தூக்கமே இல்லை. அதை விடுங்கள், அதற்காக நான் இதை எழுதவில்லை.

மூன்றரை லட்சம் கொடுத்துப் பனியாறா, தொண்ணூறாயிரத்தில் லட்சத்தீவா? அலாஸ்காதான் என்று அவர் மனதை எப்படி மாற்றுவது? ஏஜெண்ட் இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார். என் ஆசைக்கு இந்த வீட்டில் மதிப்பே இல்லையா என்று நினைத்து நினைத்து மனம் ஆறவில்லை.

வாசகி, கோத்தகிரி

*

அன்புள்ள சகோதரிக்கு,

"அதை விடுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு விட மனம் வரவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு பெரிய கடிதம் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் உங்கள் கணக்கையே பார்ப்போம். லட்சத்தீவுக்கு இருவருக்குமான தொகை போட்டிருக்கிறீர்கள். அலாஸ்காவுக்குப் போட்டது ஒருவருக்கு. விமானத்திலிருந்து ஹோட்டல் வரை அத்தனை வரியிலும் ஒரே ஒரு ஆள்தான். இருவர் போவதென்றால் அது ஏழு லட்சம், அந்தத் தொகை கடிதத்தில் எங்குமே இல்லை. கணவரின் மனதை மாற்ற வழி கேட்கும் நீங்கள், கணக்கில் அவருக்கு டிக்கெட்டே எடுக்கவில்லை. இது தெரிந்து செய்ததல்ல என்று நம்புகிறேன். ஆனால் மனதுக்குள் நீங்கள் எப்போதோ தனியாகக் கப்பலேறிவிட்டீர்கள்.

தனியாகப் போவதென்றாலும் மூன்றரை லட்சத்தில் முடியாது. ஏஜெண்ட் சொன்ன 80,000, ஒரு கேபினில் இருவர் தங்குவதாக வைத்து ஆளுக்குச் சொல்லும் கட்டணம். ஒருவர் மட்டும் போனால் பெரும்பாலான கப்பல்களில் காலியான படுக்கைக்கும் சேர்த்துத்தான் வாங்குவார்கள், ஆக 1,60,000. ஹோட்டல் அறையும் அப்படியே, 25,000 என்பது 50,000 ஆகிவிடும். விமானம், வரி, டிப்ஸ், விசா எல்லாம் ஆள் கணக்கு, அவை மாறாது. கூட்டினால் 4,55,000. டூர் பேக்கேஜாக எடுத்தால் டிசிஎஸ் என்று முன்கூட்டியே ஒரு வரித் தொகையும் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து போகும்.

இனி அந்த 'அப்பாடா'. கூட்டுக் குடும்பம், பள்ளிக்கூடம், மகள் படிப்பு, தோட்டத்து ஆட்களுக்கு டீ என்று இத்தனை வருடம் ஓடிய ஒரு பெண்ணுக்கு, யாரும் எதுவும் கேட்காத ஏழு நாள் என்ற நினைப்பே நிம்மதி தருவதில் எந்தத் தப்பும் இல்லை. கணவர் மேல் பாசம் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமும் இல்லை. நீங்கள் அப்படி அர்த்தம் எடுத்துக்கொண்டு பயந்துவிட்டீர்கள், அதனால்தான் அன்று தூக்கம் போனது. அதற்குப் பிறகு அவர் கணக்குப் பார்ப்பவர், மதிக்காதவர் என்ற கோபத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் மேல் தப்பு இருக்கும்வரை, தனியாகப் போக ஆசைப்பட்டதற்காக உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை அல்லவா?

அந்த நிம்மதிக்கு வேறு காரணம் ஏதாவது உண்டா என்றும் நான் கேட்டாக வேண்டும். அவர் கை ஓங்குகிறார், அவமானப்படுத்துகிறார், அவரிடம் பேசவே பயமாக இருக்கிறது என்றால் இது கப்பல் விஷயமே இல்லை. அப்படியானால் தயங்காமல் மறுபடி எழுதுங்கள். இந்தக் கடிதத்தில் அதற்கான அறிகுறி எனக்குத் தென்படவில்லை.

தென்படுவது வேறு. ஜனவரியில்தான் போக முடியும் என்றதைக் குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் உறைபனியும் வறட்சியுமாக இலை வரத்து குறைந்துவிடும், விவசாயி தோட்டத்தைவிட்டு நகர முடிவது அப்போதுதான். அலாஸ்கா கப்பல்கள் ஓடுவது மே முதல் செப்டம்பர் வரை. கோடை மழைக்குப் பிறகு மே, ஜூனில் கொழுந்து குவியும். அந்த நேரத்தில் ஒரு சுற்றுப் பறிப்பு தள்ளிப்போனால் இலை முற்றிவிடும், ஃபேக்டரியில் விலை அடிபடும். இரண்டு ஏக்கர்காரருக்கு அது பெரிய அடி. இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தானும் உங்களோடு வர முடிகிற மாதத்தை அவர் தேடியிருக்கிறார். அதுவும் சென்னை, கோவா என்று சொல்லாமல், நீங்கள் வகுப்பில் படம் வரைந்து காட்டிய பவளத்தீவைச் சொல்லியிருக்கிறார். உங்கள் பாடம் அவர் ஞாபகத்தில் இருக்கிறது. வாயை அடைக்க நினைப்பவர் அவ்வளவு யோசித்துத் தேட மாட்டார். இந்த இடத்தில் நான் அவர் பக்கம்தான், மன்னியுங்கள்.

எல்லாவற்றிலும் அவர் பக்கமில்லை. பனியாற்றையும் டிசம்பர் பனியையும் ஒன்றாக்கிப் பேசியது உங்கள் வாழ்நாள் ஆசையைச் சின்னதாக்கிய பேச்சு. உங்களுக்கு வலித்தது நியாயம், அதை அவரிடம் சொல்லுங்கள். முழங்காலும் சாக்கில்லை. கப்பல் பக்கவாட்டுக் கதவிலிருந்து படகுக்கு இறங்கும்போது அலையோடு படகு ஏறி இறங்கும். ஊழியர்கள் கையைப் பிடித்து இறக்கினாலும், அது மேலே வரும் நொடி பார்த்துக் காலை வைக்க வேண்டும். ஒவ்வொரு தீவிலும் போக, வர இரண்டு தடவை. முழங்கால் மடக்க முடியாதவர்களுக்கு இது கஷ்டம்தான், முடிவெடுக்குமுன் எலும்பு மருத்துவரைக் கேளுங்கள். போவதென்று முடிவானால் இரண்டு படுக்கை உள்ள டைமண்ட் கிளாஸ் கேளுங்கள். அந்த அறைகள் சிலதான், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அலாஸ்காவில் நீங்கள் சொன்ன மூன்று துறைமுகங்களிலும் பொதுவாகக் கப்பல் கரையைத் தொட்டு நிற்கும், சரிவுப் பலகையில் நடந்தே இறங்கலாம். கிளேசியர் பேயில் யாரும் இறங்குவதே இல்லை. பூங்கா ரேஞ்சர்கள் கப்பலுக்கு வந்து விளக்குவார்கள், எல்லோரும் மேல்தளத்தில் நின்று பார்ப்பார்கள். பால்கனி அறைக்கென்று கூடுதல் பணம் கொடுக்கத் தேவையே இல்லை. குளிருக்கும் கோத்தகிரிக்காரர்கள் பெரிதாகத் தயாராக வேண்டியதில்லை, நல்ல மழைக்கோட்டு ஒன்று போதும்.

உங்களுக்குள் இரண்டு ஆசைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று பனியாறு. மற்றொன்று கொஞ்ச நாள் தனியாக இருப்பது. இரண்டாவதற்கு விசா வேண்டாம், நாலரை லட்சமும் வேண்டாம். தஞ்சாவூரோ மதுரையோ, பிடித்த ஊரில் நாலைந்து நாள் அறை எடுத்துத் தங்கிவிட்டு வாருங்கள். மகள் வீடு இதில் சேராது, அங்கே போனாலும் அடுப்படிதான். மூன்றாம் நாள் அவர் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறதா, இல்லை இன்னும் நாலு நாள் இப்படியே இருக்கலாம் என்று தோன்றுகிறதா என்று பாருங்கள். இரண்டில் எது தோன்றினாலும் அது உங்கள் உண்மை, அதை வைத்து அலாஸ்காவுக்கு எத்தனை டிக்கெட் என்று முடிவு செய்யலாம்.

போவதற்கு முன்னால் அவரிடம் ஒன்று கேளுங்கள். விலைப் பட்டியல், போட்டோ எதுவும் கையில் வேண்டாம். இலை எடை போடும் சாயங்காலமும் டி.வி. முன்னால் சாப்பிடும் நேரமும் வேண்டாம். "அன்னைக்கு நீ மட்டும் போயிட்டு வான்னீங்களே, கோபத்துல சொன்னீங்களா, நிஜமாவே சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டு, "எனக்கும் கொஞ்ச நாள் தனியா இருக்கணும் போல இருக்குங்க" என்பதையும் சொல்லிவிடுங்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் முதல் கேள்வியை மட்டும் கேட்டால் அது மறுபடி சண்டையில்தான் போய் நிற்கும்.

நிஜமாகவே சொன்னேன் என்றால் நன்றி சொல்லிவிட்டுத் தனியாகவே போங்கள், பணம் உங்களுடையது, அனுமதியும் தேவையில்லை. தானும் வர ஆசை என்றால், மே முதல் செப்டம்பருக்குள் தோட்டத்தை விடக்கூடிய வாரம் எது என்று அவரையே குறிக்கச் சொல்லுங்கள். செப்டம்பரில் மழை கூடுதல், ஆனால் கட்டணம் ஜூலையைவிடக் குறைவாக இருக்கும். இருவர் போனால் கேபினில் படுக்கையை இரண்டாகப் பிரித்துப் போடச் சொல்லிப் பதிவின்போதே எழுதிவிடுங்கள். ஜன்னலில்லாத கேபின் 150, 170 சதுர அடிதான் இருக்கும், அவரவருக்கென்று ஒரு மூலை இருப்பது நல்லது. வான்கூவரிலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்புவதால், கனடா விசாவில் மறுபடி நுழைய முடியுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க விசாவுக்கு நேர்முகத் தேதி கிடைக்கவே மாதங்கள் ஆகலாம். இரண்டு விசாவும் கையில் வந்த பிறகுதான், திரும்பக் கிடைக்காத எந்தப் பணத்தையும் கட்ட வேண்டும்.

ஆகவே இந்த மாதக் கடைசி என்ற ஏஜெண்டின் கெடுவுக்குப் பயந்து முன்பணம் கட்ட வேண்டாம். அந்தச் சலுகை போனால் போகட்டும், சீசன் முழுக்க வாரா வாரம் அங்கே கப்பல் கிளம்புகிறது.