ரசிகர்களின் வெறுப்பை விரும்பி ஏற்கும் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) வீரர்கள் உண்மையிலேயே ஆணவக்காரர்களா?

ஆணவம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. எதிரணியின் ஊரில் ஆடிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூச்சல் என்ன செய்யும் என்று தெரியும். கல்லூரிக் கூடைப்பந்து அணியில் நான் பாயின்ட் கார்ட், ஆட்டத்தை வழிநடத்தும் இடம். ஒரு வெளியூர்ப் போட்டியில் ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காமல் எறியும் வாய்ப்பு) கோட்டில் நின்றபோது, கூடைக்குப் பின்னாலிருந்து ஐம்பது பேர் என் உயரத்தைச் சொல்லிக் கத்தினார்கள். விரல்கள் மரத்துப்போயின. எறிந்த இரண்டு பந்துகளும் வளையத்தில்கூடப் படவில்லை.

அதனால்தான் 2021 மே மாதம் டிரே யங் செய்ததை என்னால் மறக்க முடியவில்லை. நியூயார்க் நிக்ஸ் அணி 2013க்குப் பிறகு பிளே ஆஃப் பக்கம் வந்ததே அந்த ஆண்டுதான். அதன் சொந்த அரங்கமான மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரணியான அட்லாண்டா ஹாக்ஸின் யங்குக்கு அப்போது வயது 22, உயரம் ஆறடி ஓரங்குலம், அதுதான் முதல் பிளே ஆஃப் ஆட்டம். 105-105 என்று சமநிலை. தன்னை மறிக்க இறக்கப்பட்ட ஃபிராங்க் நிலிகினாவைக் கடந்து உள்ளே புகுந்து, பந்தை மெல்ல மிதக்கவிட்டார். அது கூடையில் விழுந்தபோது மிச்சமிருந்தது 0.9 வினாடி. உதட்டில் விரலை வைத்து அரங்கத்தைப் பார்த்தார். இங்கே விடியற்காலையில் பார்த்துக்கொண்டிருந்த நான், ஒலி அறுந்துவிட்டதோ என்று ஹெட்போனைத் தொட்டுப் பார்த்தேன்.

அடுத்த ஆட்டத்தில் ஒரு ரசிகர் அவர்மீது எச்சில் துப்பினார். அது விளையாட்டின் பகுதியே அல்ல. அந்த ஆளுக்கு அரங்கில் நுழையத் தடை விதித்தது சரிதான். யங்கின் பதில் ஐந்தாவது ஆட்டத்தில் வந்தது. வெகுதொலைவிலிருந்து மூன்று புள்ளி எறிந்து தொடரை முடித்துவிட்டு, நடுவில் நின்று குனிந்து வணங்கினார். நாடகங்கள் நிறைந்த ஊர் இது, காட்சி முடிந்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும் என்ற பொருளில் பிறகு விளக்கமும் சொன்னார். இதில் வெறுப்பு எங்கே இருக்கிறது? அந்த அரங்கின் பெருமை தெரிந்தவனுக்குத்தான் அங்கே வணங்கத் தோன்றும்.

ஆனால் இந்த வில்லன் வேஷம் எல்லோருக்கும் பொருந்தாது. லெப்ரான் ஜேம்ஸைப் பாருங்கள். 2010 ஜூலையில் தொலைக்காட்சியில் அறிவித்துவிட்டு கிளீவ்லாந்து அணியிலிருந்து மயாமி அணிக்குப் போனார். சொந்த ஊர்க்காரர்களே அவருடைய ஜெர்சியை எரித்தார்கள். நீங்கள் கேட்ட வில்லன் நான்தான் என்று அந்தப் பருவம் முழுக்க முறைப்பாகவே ஆடினார். டிசம்பரில் கிளீவ்லாந்துக்கே வந்து 38 புள்ளிகள் எடுத்தார். ஆனால் 2011 இறுதித் தொடரில் டாலஸுக்கு எதிராக அவருடைய சராசரி வெறும் 17.8, மயாமி 4-2 என்று தோற்றது. பிறர் சொன்னதைப் பொய்யாக்கவே ஆடினேன், அது என் இயல்பு அல்ல என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். மகிழ்ச்சியாக ஆடத் திரும்பிய 2012இல் கோப்பை கிடைத்தது. அவருடைய திறமையில் எந்தக் குறையும் இல்லை, கோபம்தான் அவருக்கு ஒட்டவில்லை.

இந்தியானா அணியின் ரெஜி மில்லருக்கு அது தோலோடு ஒட்டிய குணம். 1994இல் இதே நியூயார்க் அரங்கில், ஓரத்தில் அமர்ந்திருந்த நிக்ஸ் ரசிகரான திரைப்பட இயக்குநர் ஸ்பைக் லீயுடன் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே கடைசிக் கால்பகுதியில் மட்டும் 25 புள்ளிகள் குவித்து, நெருக்கடியில் நிக்ஸ் திணறிவிட்டது என்ற பொருளில் தன் கழுத்தைத் தானே நெரித்துக் காட்டினார். இவ்வளவுக்கும் அந்தத் தொடரை வென்றது நிக்ஸ்தான். ஆனாலும் ஊர் நினைவு வைத்திருப்பது மில்லரை.

2025 மே மாதம் அதே அரங்கில், நிக்ஸுக்கு எதிராக, அதே இந்தியானா அணியின் டைரீஸ் ஹாலிபர்ட்டன், கடைசி நொடியில் எறிந்த பந்து வளையத்தில் பட்டு மேலே எழும்பி உள்ளே விழுந்ததும், வென்றுவிட்டோம் என்று அதே கழுத்து நெரிப்பைச் செய்தார். மூன்று புள்ளிக் கோட்டில் கால் பட்டிருந்தது, அதனால் இரண்டே புள்ளி, ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் தோற்றிருந்தால் காலத்துக்கும் அதைச் சொல்லியே கேலி செய்திருப்பார்கள். 138-135 என்று வென்று காட்டினார்கள். அன்று அரங்கோரத்து வர்ணனையாளர் இருக்கையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ரெஜி மில்லர்.