மனுவில் இல்லாத கேள்வி

கேள்வி: எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குத்தந்தையை ஒரே வாரத்தில் மாற்றிவிட்டார்கள். பூசை முடிவில் அறிவிப்பு வாசித்ததோடு சரி, காரணம் சொல்லவில்லை. ஆறு வருடம் எங்களோடு இருந்தவர். அவர் வந்த பிறகுதான் ஞாயிறு தமிழ்ப் பூசை ஒழுங்காக நடந்தது. முந்நூறு பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அவரைத் திரும்ப அனுப்பும்வரை மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்குப் போகக்கூடாது, புது ஃபாதரை உள்ளே விடக்கூடாது என்று எங்கள் இளைஞர்கள் சொல்கிறார்கள். இது சரியா? மனுவின் நகலை இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: கையெழுத்து வாங்கியது சரி. கதவை மறிப்பது தப்பு. மனுவை நீங்கள் மறுபடி எழுதவேண்டும்.

ஒன்றரைப் பக்க மனுவை இரண்டு முறை படித்தேன். முழுக்க ஃபாதரின் நல்ல குணங்கள். ஆஸ்பத்திரிக்கு நள்ளிரவில் ஓடி வந்தார், ஆட்டோ ஓட்டுகிறவர் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்கு வீடு வீடாக வந்தார். படிக்கும்போது எனக்கே அவரைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. ஆனால் "எந்தக் காரணத்துக்காக மாற்றினீர்கள்?" என்ற ஒரு வரி அதில் எங்கேயும் இல்லை. நல்லவர் என்று நீங்கள் முந்நூறு பேர் சொன்னால், "எங்களுக்கும் தெரியும், அவர் வேறு இடத்துக்கும் தேவைப்படுகிறார்" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். காரணத்தைக் கேட்டால் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 1983இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 212ஆம் விதி, விசுவாசிகள் தங்கள் தேவைகளையும் விருப்பங்களையும் மேய்ப்பர்களிடம் சொல்லலாம் என்கிறது. திருச்சபையின் நன்மை பற்றிய கருத்தைச் சொல்வது சில சமயம் கடமையும்கூட என்கிறது, மேய்ப்பர்களுக்குரிய மரியாதையோடு. ஆகவே "ஆயரை, அதாவது பிஷப்பை, எதிர்த்து மனுப் போடுவது பாவம்" என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள்.

அடுத்து, உங்கள் ஃபாதர் ஆயரின் கீழுள்ள மறைமாவட்டக் குருவா, தனக்கென்று தலைவர் உள்ள துறவற சபையின் குருவா என்று பாருங்கள். பெங்களூரில் சபைகளுக்குக் குறைவில்லை. சபைக் குரு என்றால் 682ஆம் விதிப்படி ஆயரோ சபைத் தலைவரோ மற்றவருக்குத் தகவல் சொல்லிவிட்டு அவரை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்துவிடலாம், சம்மதம் தேவையில்லை. எடுத்தது சபைத் தலைவர் என்றால் நீங்கள் போய் நிற்கவேண்டிய வாசலே வேறு.

மறைமாவட்டக் குரு என்றால் இன்னொரு கேள்வி: இது இடமாற்றமா, பதவிநீக்கமா? உங்கள் கடிதத்தில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. பல மறைமாவட்டங்களில் சில வருடங்களுக்கு ஒருமுறை இடமாற்றம் வழக்கம். குருவே சம்மதித்து வாங்கிக்கொண்டு போயிருந்தால் நீங்கள் சண்டை போட அங்கே ஒன்றுமில்லை. நீக்கம் அப்படியில்லை. 1740இலிருந்து 1747 வரையுள்ள விதிகள் அதற்கென்றே இருக்கின்றன. ஆயர் முதலில் இரண்டு பங்குத்தந்தையரோடு கலந்து பேசவேண்டும். பிறகு காரணத்தைச் சொல்லி, 15 நாளுக்குள் நீங்களே விலகிக்கொள்ளுங்கள் என்று கேட்கவேண்டும். குரு மறுத்தால், அவர் ஆவணங்களைப் பார்த்து எழுத்தில் பதில் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும். இதெல்லாம் ஒரு வாரத்தில் முடிகிற வேலையா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

நீக்கத்துக்கான காரணங்களில் முதலாவதாக எதைச் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? திருச்சபை ஒன்றிப்புக்குப் பெரும் கேடோ குழப்பமோ உண்டாக்கும் நடத்தை. உங்கள் இளைஞர்களை உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள். அவர்கள் வாசலை மறித்து, போலீஸ் வந்து, அது செய்தியானால், "பார்த்தீர்களா, ஆளைத் தூண்டிவிடுகிறார்" என்ற பழி ஃபாதர் தலையில்தான் விழும். அவரைக் காப்பாற்றக் கிளம்பியவர்களே அவருக்கு எதிரான சாட்சியைத் தயார் செய்து கொடுத்த கதையாகிவிடும்.

புது ஃபாதரும் ஆணைக்குக் கீழ்ப்படிந்து பெட்டியோடு வந்தவர்தான். அவர் உங்களுக்கு என்ன செய்தார்? நான் வளர்ந்த ஊரில் இப்படி ஒரு சண்டையில் கோயிலைப் பூட்டினார்கள். அந்த வாரம் இறந்துபோன ஒரு பாட்டிக்கு அடக்கப் பூசை பக்கத்துப் பங்கில் நடந்தது. வாழ்நாளெல்லாம் அந்தக் கோயிலைப் பெருக்கியவர். பூட்டியவர்கள் அந்தக் குடும்பத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல் வெகுநாள் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். கொடியேற்றத்துக்கும் போங்கள். கொடி மாதாவுக்கு ஏறுகிறது.

தமிழ்ப் பூசை பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. கன்னடம், தமிழ், ஆங்கிலம் என்று நேரத்தைப் பங்குபோடும் ஊரில், ஒரு ஃபாதர் போனால் ஒரு பூசையும் போய்விடுமோ என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தக் கோரிக்கையை ஒரு மனிதரோடு முடிச்சுப் போடாதீர்கள். அவர் இருந்தாலும் போனாலும் உங்கள் வீட்டுப் பாட்டிகளுக்குப் புரிகிற மொழியில் பூசை வேண்டும். அதைத் தனி மனுவாக எழுதி, எத்தனை குடும்பம் வருகிறது என்ற கணக்கோடு புது ஃபாதரிடமே கொடுங்கள். நல்ல உறவோடு தொடங்குவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

அப்புறம் ஒன்று, இதை எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது. காரணத்தைக் கேட்டால் காரணம் வரலாம். சிறுவர்கள் அல்லது பெண்கள் தொடர்பான புகார் என்று பதில் வந்தால், அந்த நிமிடமே கையெழுத்து வாங்குவதை நிறுத்துங்கள். உங்கள் ஃபாதர்மேல் அப்படி ஒன்று இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் புகார் கொடுத்தவர் உங்கள் பங்கிலேயே மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். முந்நூறு கையெழுத்தும் அவர் வாயை மூடும் முந்நூறு கையாகிவிடும். குழந்தை சம்பந்தப்பட்டதென்றால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்த ஒவ்வொருவரும் போலீசுக்குச் சொல்லியாகவேண்டும். அதை மறைமாவட்டத்துக்குள் பேசித் தீர்க்க யாருக்கும் அதிகாரமில்லை.

இன்னும் ஒருவரை நீங்கள் கேட்கவேயில்லை. ஃபாதரை. ஆணையை எதிர்த்து முறையிடும் உரிமை முதலில் அவருடையது. கடிதம் கைக்கு வந்த 10 நாளுக்குள், ஆணையை மாற்றும்படி அவர் ஆயரிடமே எழுத்தில் கேட்கவேண்டும். அது பலிக்காவிட்டால் 15 நாளுக்குள் ரோமுக்குப் போகலாம். அந்த முறையீடு நிலுவையில் இருக்கும்வரை ஆயர் புதுப் பங்குத்தந்தையை நியமிக்க முடியாது, தற்காலிக நிர்வாகியைத்தான் வைக்கலாம். உங்கள் கையெழுத்து எவ்வளவு சேர்ந்தாலும் இந்த நாட்களை ஒரு நாள்கூட நீட்டாது. அவர் முறையிட விரும்பாமலும் இருக்கலாம். கீழ்ப்படிதல் வாக்குக் கொடுத்தவர், அமைதியாகப் போக நினைத்திருந்தால் அதையும் மதியுங்கள்.

இந்தப் பதில் அச்சேறும்வரை காத்திருக்கவேண்டாம் என்றுதான் உங்களுக்குத் தபாலிலும் அனுப்புகிறேன். இன்றைக்கே அவருக்குப் போன் செய்யுங்கள். கடிதத்தில் இடமாற்றம் என்று இருக்கிறதா, நீக்கம் என்று இருக்கிறதா, எந்தத் தேதியில் கைக்கு வந்தது, நாங்கள் கேட்பதில் உங்களுக்குச் சம்மதமா என்று கேளுங்கள்.