அருங்காட்சியகத்தில் கையால் காகிதம் செய்யும் வகுப்புக்குக் காசு கொடுத்துப் போக வேண்டுமா? யூடியூப் போதாதா?

கண்டிப்பாகப் போங்கள். யூடியூப் போதாது.

நீங்கள் அட்லாண்டாவில் இருக்கிறீர்கள். ஜார்ஜியா டெக் வளாகத்துக் காகித அருங்காட்சியகத்தில் கைக்காகிதம், புத்தகக் கட்டு வகுப்புகள் நடப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். பழைய பேப்பரை மிக்ஸியில் அரைத்து வீட்டிலேயே செய்து காட்டுகிறார்களே, இதற்கு எதற்குப் பணம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நான் பேசாமல் போயிருப்பேன். "பிள்ளைகள் விளையாட்டுதானே இது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அது சுருக்கென்று தைத்தது.

நீங்களும் என்னைப் போல ஐ.டி. வேலைக்கு வந்தவராக இருப்பீர்கள். சனிக்கிழமை ஆனால் நீச்சல், பாட்டு, தமிழ்ப் பள்ளி என்று பிள்ளைகளை ஏற்றி இறக்குவதிலேயே பொழுது போய்விடும். அதில் இன்னொரு வகுப்பா என்ற அலுப்பு எனக்கும் தெரியும். ஆனால் இது அந்தக் கணக்கில் வராது. ஏன் என்று சொல்ல என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் அப்பா மதுரையில் புத்தக பைண்டர். நெடுங்காலம் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார், அப்புறம் வீட்டு முன்னறையிலேயே சொந்தமாகச் செய்தார். ஆயுத பூஜைக்கு முன்னால் கடைக்காரர்களின் பேரேடு, ஜூன் மாதம் பள்ளிக்கூடப் புத்தகம், மற்ற நாட்களில் வக்கீல் ஆபீஸ்களிலிருந்து வரும் பழைய சட்டப் புத்தகங்கள். மைதா பசை காய்ச்சும்போது பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் அண்ணனும் ஃபாரம், அதாவது பல பக்கங்களைச் சேர்த்து அச்சடித்த பெரிய தாள், மடிப்போம். சொந்தக்காரர்கள் விசேஷ வீடுகளில் என்னைச் சுட்டிக்காட்டி "பைண்டிங் பண்றவர் பொண்ணு" என்பார்கள். சொன்ன தொனியை இங்கே எழுதிக் காட்ட முடியாது. கேட்டவர்களுக்குப் புரியும்.

அப்பா எங்களை அதிகம் திட்டமாட்டார். ஒரு விஷயத்துக்கு மட்டும் கோபம் வரும். "பேப்பரோட ஓட்டம் பார்க்காம மடிக்காதே." தாளை நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவின் மடிப்புக்கோட்டு வாக்கில் புத்தகத்தின் முதுகு வர வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டு கிழித்து ஒரு பக்கம் மட்டும் ஈரம் தடவுவார். துண்டு குழலாகச் சுருளும். குழல் எந்த வாக்கில் நிற்கிறதோ அதுதான் ஓட்டம். இதை மாற்றி ஒட்டினால் பசை காய்ந்ததும் அட்டை வில்லாக வளையும், தாள்கள் முதுகோரம் அலையடிக்கும், புத்தகத்தை விரித்தால் விரிந்து நிற்காது. ஏன் அப்படி என்று கேட்டால், "அது அப்படித்தான், கை வைச்சா தெரியும்" என்பார். காகிதம் செய்கிற இடத்தை அவர் பார்த்ததே கிடையாது.

சரி, அருங்காட்சியகத்துக்கு வருகிறேன். அங்கே இருப்பது டார்ட் ஹன்டர் என்பவர் ஆயுள் முழுக்கச் சேர்த்தது. காகிதம், அச்செழுத்து, அச்சடிப்பு மூன்றையும் ஒரே ஆளாகத் தன் கையால் செய்து புத்தகம் போட்டவர். அவர் சேர்த்ததை வைத்து 1939இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யில் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். 1954இல் விஸ்கான்சினில் உள்ள ஆப்பிள்டனுக்குப் போய், 1989இல் அட்லாண்டா வந்து சேர்ந்தது. இன்றைய பெயர் ராபர்ட் சி. வில்லியம்ஸ் காகித அருங்காட்சியகம். ஆசியாவின் பல நாடுகளில் பட்டறை பட்டறையாகத் தேடிப் போய் ஹன்டர் கொண்டுவந்த, காகிதம் எடுக்கும் சட்டங்களும் தாள்களும் அங்கே இருக்கின்றன.

நான் முதலில் போனது கைக்காகித வகுப்புக்கு. ஒரு பெரிய தொட்டி. உள்ளே கஞ்சித் தண்ணீர் போல ஒன்று. அதில் 99 சதவீதத்துக்கு மேல் வெறும் தண்ணீர், மிச்சம் பருத்தி நார். கையில் ஒரு மரச்சட்டம் கொடுப்பார்கள், அதில் கம்பிவலை அடித்திருக்கும். அதன் மேல் வலையில்லாத இன்னொரு சட்டம் கச்சிதமாக உட்காரும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, செங்குத்தாகத் தொட்டிக்குள் இறக்கி, தண்ணீருக்கு அடியில் படுக்கவைத்து, மட்டமாகத் தூக்க வேண்டும். தூக்கினதும் தண்ணீர் வலை வழியாக வடியும். அந்தச் சில நொடிகளுக்குள் முன்னும் பின்னும் ஒரு குலுக்கல், இடமும் வலமும் ஒரு குலுக்கல். அதில்தான் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஈரப் பளபளப்பு மங்கிவிட்டால் அதற்கு மேல் குலுக்கிப் பயனில்லை. பிறகு மேல்சட்டத்தை எடுத்துவிட்டு, வலையை ஈரக் கம்பளத் துண்டின் மேல் ஓரத்திலிருந்து உருட்டினாற்போல அழுத்தி எடுத்தால் தாள் கம்பளத்தில் தங்கிவிடும். அந்த நேரத்தில் விரலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அதன் மேல் விழுந்தாலும் போதும், அந்த இடத்தில் நார் விலகி வட்டமாகத் தழும்பு நிற்கும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். நூற்றாண்டுகள் பழைய ஐரோப்பியத் தாள்களிலும் இந்தத் தழும்பு உண்டு.

குலுக்கும்போது சொல்லிக்கொடுத்தவர் போகிறபோக்கில் ஒன்று சொன்னார். ஆலைக் காகிதம் ஓடுகிற வலையின் மேல் கூழை விட்டுச் செய்வது. பிரான்சில் லூயி நிக்கோலா ரொபேர் 1799இல் காப்புரிமை வாங்கிய முறை. வலை ஓடும் திசையிலேயே நார்களில் பெரும்பங்கு படுத்துவிடும். நார் ஈரம் பட்டால் நீளத்தில் அவ்வளவாக வளராது, அகலத்தில்தான் உப்பும். எனவே ஆலைத் தாள் ஒரு வாக்கில்தான் விரியும். கையால் எடுக்கிற தாளில் நாம் இரண்டு பக்கமும் குலுக்குவதால் அந்த ஓட்டம் உண்டாவதில்லை.

தொட்டிக்கு முன்னால் ஈரக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். அப்பா காரணம் சொல்லாமல் ஆயுசுக்கும் கடைப்பிடித்த விதிக்குக் காரணம் என் கையில் சொட்டிக்கொண்டிருந்தது. இதைப் படித்திருந்தால் ஒரு தகவலாகப் போயிருக்கும். குலுக்கிப் பார்த்ததால்தான் உள்ளே இறங்கியது.

நான் எடுத்த தாள்களில் ஒன்றை ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். வீடியோவில் கூப்பிட்டேன். அப்பா தாளைப் பார்க்கவே இல்லை, நேராக வளைத்துப் பார்த்தார். நீளவாக்கில், அகலவாக்கில், மறுபடி நீளவாக்கில். "என்ன தாயி இது, எந்தப் பக்கம் வளைச்சாலும் ஒரே மாதிரி இருக்கு? ஓட்டமே இல்லையே!" நான் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

இப்போது மிக்ஸி விஷயம். மிக்ஸியின் கத்தி நாரை நறுக்கும். நல்ல காகிதத்துக்கு நாரை நறுக்கக் கூடாது, நசுக்க வேண்டும். அதற்கென்று ஹாலந்துக்காரர்கள் உண்டாக்கிய அரைவை இயந்திரம் இருக்கிறது. தகடுகள் பதித்த உருளை தொட்டிக்குள் சுழன்று நாரை நசுக்கி நசுக்கி, அதன் மேல்தோலைச் சின்னச் சின்ன இழைகளாகப் பிரித்துவிடும். அந்த இழைகள்தான் காயும்போது பசை இல்லாமலே ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. போதாததற்கு, நீங்கள் அரைப்பது செய்தித்தாள். ஏற்கெனவே ஆலையில் அரைபட்ட, குட்டையான மரநார். அதில் வாழ்த்து அட்டை செய்யலாம், தவறில்லை. மடித்துத் தைத்துப் புத்தகமாக்கினால் மடிப்பிலேயே விட்டுவிடும்.

முடிந்தால் ஜப்பானிய முறை வகுப்பு எப்போது என்று கேட்டுப் பாருங்கள். கோசோ என்ற செடியின் பட்டையை வேகவைத்து மரச் சம்மட்டியால் அடித்து நாராக்குவார்கள். அதோடு தொரோரோ அவோய் என்ற செடியின் வேரிலிருந்து எடுத்த வழவழப்பான சாற்றைத் தொட்டியில் கலப்பார்கள். அது நம் வெண்டைக்காயின் நெருங்கிய சொந்தம், கொழகொழப்பும் அப்படியேதான். அந்தச் சாறு நார்கள் அடியில் தங்காமலும் தண்ணீர் சட்டென்று வடியாமலும் பார்த்துக்கொள்ளும். அதனால் கூழை வலை மேல் திரும்பத் திரும்ப ஓடவிட்டு மெல்லிசான, கிழிக்கவே வராத தாள் எடுக்க முடிகிறது.

"அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு பெருமை பேசுகிறாய், நம் ஊரில் இல்லாததா" என்று யாராவது வருவார்கள். இல்லையென்று யார் சொன்னது? அந்த ஹன்டரே இந்தியா வந்து பார்த்துவிட்டுப் போய் 1939இல் நம் கைக்காகிதத்தைப் பற்றித் தனிப் புத்தகம் போட்டவர். 1934இல் காந்தி கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளராக இருந்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. அவர்கள் கையிலெடுத்த தொழில்களில் காகிதமும் உண்டு. பாண்டிச்சேரியில் அரவிந்தர் ஆசிரமம் 1959 முதல் கைக்காகிதம் செய்கிறது, விடுமுறைக்குப் போனால் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். அட்லாண்டாவில் இருப்பவருக்கு அட்லாண்டாவில் இருப்பதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொரு கூட்டம், "தினக்கூலி வேலையைக் கலை என்று பெயர் மாற்றிக் காசு பிடுங்குகிறார்கள்" என்று சொல்லும். எனக்கு அதில் கோபமே இல்லை. அடுத்து போன புத்தகக் கட்டு வகுப்பில், நான் மடிப்பதற்கு முன்னால் தாளை வளைத்துப் பார்த்ததைக் கவனித்துவிட்டு, எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்கள். அப்பா பைண்டர் என்றேன். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என் மேசைக்கு வந்து நின்றார்கள். அந்த வார்த்தையைச் சொல்லி எனக்கு மரியாதை கிடைத்தது அன்றைக்குத்தான். அதற்கு நான் கொடுத்த கட்டணம் அதிகமில்லை.

கோபம் எதில் என்றால், அப்பா வேலை பார்த்த அச்சகத்தில். அத்தனை வருஷ வேலைக்கு ஒரு பைசா பி.எஃப். பிடிக்கவில்லை. கணக்கில் அவரைத் தினக்கூலி என்றே கடைசிவரை காட்டினார்கள். தீபாவளிக்கு ஒரு வேட்டி, ஸ்வீட் பாக்ஸ். விரல் தாள் வெட்டும் கில்லட்டின் மெஷினில் மாட்டிக்கொண்டபோது ஆஸ்பத்திரிச் செலவு எங்கள் அம்மாவின் தோடு. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். "விளையாட்டு" என்று எழுதினீர்களே, அதனால் சொன்னேன். இன்றைக்கும் தமிழ்ப் புத்தகம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலை போட்டு வருகிறது, தையல் கிடையாது, சூடான பசையை முதுகில் தடவி அனுப்பிவிடுகிறார்கள். ஒருமுறை படித்து முடிப்பதற்குள் நடுவில் பிளந்துகொள்கிறது. தைக்கத் தெரிந்த கைகளைப் பட்டினி போட்டால் வேறென்ன நடக்கும்?

உங்கள் பிள்ளைக்குப் பத்து வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகளுக்கான நிகழ்ச்சியில் சேருங்கள். பெரிய பிள்ளை என்றால் பெரியவர்கள் வகுப்புக்கு எந்த வயதிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டு, நீங்களும் சேர்ந்தே போங்கள். முதலில் காகிதம், அப்புறம் கட்டு, இந்த வரிசையில் போனால் இரண்டாவது வகுப்பு நன்றாகப் பிடிபடும். இடம் குறைவு, முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். நனைந்தால் பரவாயில்லை என்கிற உடுப்பும், தண்ணீரில் வழுக்காத செருப்பும் போட்டுக்கொள்ளுங்கள். மோதிரம், வளையலை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், கம்பிவலையில் மாட்டும்.