முதல் நாள் வரிசை

அன்புள்ள ஐயா,

எங்காவது போர் என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னைக் குடைகிறது. நாளை என் நாடே போரில் இறங்கினால் நான் என்ன செய்வேன்? வயது ஐம்பத்திரண்டு. துப்பாக்கி தூக்கப் போவதில்லை. சும்மா டிவி பார்த்துக்கொண்டு உட்காரவும் மனம் ஒப்பாது. சாதாரண ஆட்களால் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். ஆனால் அந்தத் தவிப்பை முதல் நாளே கொட்டித் தீர்த்துவிடாதீர்கள். போர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுக்கும்.

ரத்ததானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சேமித்த சிவப்பணுக்கள் சுமார் 42 நாள் தாங்கும். தட்டணுக்கள் ஐந்திலிருந்து ஏழு நாள்தான். ஒருமுறை கொடுத்தவர் மறுபடி கொடுக்க இரண்டிலிருந்து நான்கு மாதம் ஆகும். எல்லாரும் முதல் நாளே வரிசையில் நின்று கொடுத்துவிட்டால், காயம்பட்டவர்கள் வந்து குவியும் நாளில் கொடுக்க ஆள் இருக்காது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் அப்படிக் குவிந்த ரத்தத்தில் ஒரு பகுதி வீணாகத்தான் போனது. பிரிட்டன் 1939-இல் வேறு மாதிரி செய்தது. லண்டனைச் சுற்றி நான்கு ரத்தக் கிடங்குகள் அமைத்து, கொடுக்க முன்வந்தவர்களின் ரத்த வகையை முன்கூட்டியே பதிந்து வைத்தார்கள். லண்டன் மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கியதோ 1940 செப்டம்பர் 7-இல், போர் அறிவித்து ஒரு வருடம் கழித்து! நீங்களும் இப்போதே பெயரைப் பதியுங்கள், கூப்பிடும்போது போங்கள்.

அப்புறம், ரத்தப்போக்கை அழுத்தி நிறுத்தும் முதலுதவி. கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும். பெரிய காயம் பட்டவர் ஆம்புலன்ஸ் வருவதற்குள் இறந்துவிடலாம். அந்தச் சில நிமிடங்களில் பக்கத்தில் இருக்கப்போவது உங்களைப் போன்ற ஒருவர்தான்.

பொருட்களை வாங்கிப் பதுக்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ராணுவ வண்டிகளையோ குண்டு விழுந்த இடத்தையோ படம் எடுத்துப் பகிராதீர்கள். 2008 மும்பைத் தாக்குதலின்போது டிவி நேரலையைப் பார்த்தே, தாக்கியவர்களுக்கு வெளியிலிருந்து உத்தரவு போனது.

இதெல்லாம் பொறுமையாகச் செய்யும் வேலை. தள்ளிப்போடவே கூடாதது ஒன்று உண்டு. 1942-இல் அமெரிக்கா, ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. மூன்றில் இரண்டு பங்கு பேர் அந்த நாட்டுக் குடிமக்கள். அரசு சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது 1988-இல். அவர்களுக்காக அன்றே வாய் திறந்த அக்கம்பக்கத்தார் மிகக் குறைவு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகிறது. உங்கள் தெருவில் எதிரி நாட்டு மொழி பேசும் குடும்பம் இருந்தால், முதல் நாளே அவர்கள் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.