சாய்ந்த மரம் தானாக நிமிருமா?

கேள்வி: விடிகாலையில் அடித்த சுமத்ரா காற்றில் (சுமத்ரா தீவுப் பக்கமிருந்து திடீரென வரும் சூறைக்காற்று) எங்கள் புளோக் பக்கத்து இளம் அங்சானா மரம் சாய்ந்துவிட்டது. தானாக நிமிருமா? காற்று அடித்தால் மரத்துக்குள் ஏதாவது மாறுமா?
- வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: இளம் மரம்தானே, வேர் பிடிப்பை விடவில்லை என்றால் நிமிர நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் உடனே நடக்காது, மாதக்கணக்கில் ஆகும்.

ஏற்கெனவே உருவான கட்டையை மரத்தால் திருத்த முடியாது. பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய வளர்படலம் இனிமேல் போடும் கட்டையைத்தான் வேறு மாதிரி போடும். அகன்ற இலை மரங்கள் பெரும்பாலும் சாய்வின் மேல்பக்கத்தில் செல்லுலோஸ் (நாருக்கு இழுவை பலம் தரும் பொருள்) மிகுந்த, லிக்னின் (கட்டைக்கு விறைப்புத் தரும் பொருள்) குறைந்த நார்களை உண்டாக்கும். அந்த நார்கள் முதிரும்போது நீளவாக்கில் சுருங்கப் பார்ப்பதால், கூடாரத்தை இழுத்துப் பிடிக்கும் கயிறு போலத் தண்டை மேலே இழுக்கும். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் நேர் எதிர், கீழ்ப்பக்கத்தில் லிக்னின் நிறைந்த கட்டையைப் போட்டு மேலே தள்ளும். தென்னைக்கு அந்த வளர்படலமே கிடையாது, வளைந்த தண்டு வளைந்ததுதான், குருத்து மட்டும் வானத்தைப் பார்த்துத் திரும்பும்.

சாய்ந்து வளர்ந்த மரத்தை வெட்டினால், மையம் நடுவில் இல்லாமல் ஒதுங்கி இருப்பதைப் பார்க்கலாம். ஆனால் எந்த வருடத்துக் காற்று என்று நம் ஊர் மரத்தில் படிப்பது கஷ்டம். நீண்ட வறட்சியோ குளிர்காலமோ இல்லாததால் பல மரங்களில் ஆண்டு வளையம் தெளிவாக விழாது.

சாயாவிட்டாலும், அடிக்கடி காற்றில் ஆடும் மரம் உயர வளர்ச்சியைக் குறைத்து அடித்தண்டைப் பருக்க வைக்கும். அதனால்தான் கன்றை முட்டுக்கம்போடு அசையாமல் இறுக்கிக் கட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, கொஞ்சம் ஆட விட்டால்தானே அது உரம் ஏறும்!

சரி, இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2024 செப்டம்பர் 17 அன்று மணிக்கு 83.2 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசி, தீவு முழுக்க 300-க்கும் மேற்பட்ட மரங்கள் பாதிக்கப்பட்டன. பொதுவாக அடர்ந்த கட்டை உள்ள மரங்கள் குறைவாக முறியும், ஆனால் 2017-இல் கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கிய மரியா புயலில் அப்படிப்பட்ட மரங்களும் நிறைய முறிந்தன.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அடிமண்ணை. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்தோ மேடாக எழும்பியோ இருந்தால் வேர் பிடுங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் நிமிருமா என்று காத்திருக்காதீர்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், அன்றைக்கே நகர மன்றத்துக்குச் சொல்லிவிடுங்கள்.